மைனஸ் ஏழரை

மாறன் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்கே வயிறு எரியும். எரியவில்லையென்றால் நீங்களும் அவன் கூட்டாளிதான். இது அவன் தங்கச்சி ரேணுகாவின் தீர்ப்பு. இதற்கு அப்பீல் கிடையாது.

முழுப்பேர் ரேணுகாம்பாள். படவேட்டு அம்மனை வேண்டிக்கொண்டு பிறந்தவள் என்பதால் அந்தப் பேர். ஊர் அடி அண்ணாமலை. இரண்டாயிரத்து ஒன்பதில் திருவண்ணாமலை டவுனில் ஒரு காலேஜில் பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அஞ்சாம் வகுப்பில் போர்டு தெரியாமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதி அடி வாங்கிய வாரம்தான் அவளுக்குக் கண்ணாடி வந்தது. கூடவே 'சோடாபுட்டி' என்ற பேரும் வந்தது. வருஷா வருஷம் பவர் ஏறி ஏறி மைனஸ் ஏழரையில் வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றினால் மூக்குக்கு நேரே அரைச் சாண் வரைக்கும்தான் எதுவும் தெரியும், அதற்கப்பால் எல்லாம் கலங்கல். பவர் எவ்வளவு என்று காலேஜில் தெரிந்த நாளிலிருந்து "ஏழரை வர்றா, தள்ளி உக்காருங்கடி" என்று ஒரு கும்பல் சிரிக்கும். பஸ் கண்டக்டர்கூட "சோடா, டிக்கெட் எடு" என்பான். எத்தனை பேர் வாயை அடைக்க முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பூப்பந்து ஆடினாள்.

ஆட்டம் என்றால் அதுதான் ஆட்டம். பக்கத்துக்கு அஞ்சு பேர், நடுவில் வலை, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு மஞ்சள் கம்பளிப் பந்து. ரேணுகாவுக்குப் பின் வரிசை. கண்ணாடிக் காம்பு இரண்டையும் கறுப்பு எலாஸ்டிக்கால் பின்மண்டையில் இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்குவாள். எதிராளி பேட்டை விட்டுப் பந்து கிளம்பும்போதே அது எங்கே விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், கால் தானாக அங்கே போய் நிற்கும். "இந்தப் பொண்ணுக்குக் கண்ணு கம்மின்னு எவன் சொன்னான்?" என்று கோச் அப்பாதுரை சார் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வார்.

பெருமையடித்து என்ன புண்ணியம்? கப்பு வாங்கி போட்டோவுக்கு நிற்கும்போது முதல் ஆளாக அவர்தான் சொல்வார்: "கண்ணாடிய கழட்டிடும்மா, ஃபிளாஷ் பட்டு கிளேர் அடிக்குது." வீட்டில் அம்மா தனத்துக்கு வேறு கவலை. "நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க இந்தக் கண்ணாடியோட போட்டோவப் பாத்தா இன்னாடி நெனப்பாங்க? கழட்டிட்டு நில்லு." காலேஜ் அடையாள அட்டைக்கும் அதே கதை, பஸ் பாஸுக்கும் அதே கதை. வீட்டு ஹாலில் பதினோரு போட்டோ மாட்டியிருந்தது. பதினொன்றிலும் ரேணுகா கப்போடு, கண்ணாடி இல்லாமல். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு போட்டோவில் வேப்பமரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தை மாசம் ஸ்டேட் டீமுக்கு செலக்‌ஷன் வந்தது. ஸ்டேட் டீமில் ஆடினால் சர்டிபிகேட் கிடைக்கும், சர்டிபிகேட் இருந்தால் விளையாட்டு கோட்டாவில் கவர்மென்ட் வேலைக்கு மனுப் போடலாம். போன வருஷம் செலக்‌ஷன் அன்றைக்குக் காய்ச்சல். இந்த வருஷத்தோடு காலேஜ் முடிகிறது. தனம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த வாட்டி பேரு வரலன்னா பேட்டை தூக்கிப் பரண்ல போடு. ஆரணியில ஒரு இடம் சொல்லியிருக்காங்க, வந்து பாத்துட்டுப் போகட்டும்." ரேணுகா சரி என்று ஒத்துக்கொண்டாள். பேர் வரும் என்று அவ்வளவு நம்பிக்கை.

இப்போது மாறன் கதைக்கு வருவோம். ரேணுகாவைவிட இரண்டு வயசு பெரியவன். ஊர் கபடி டீமுக்கு கேப்டன். வேலை, ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் வெள்ளைக்காரர்களுக்குத் தட்டு கொண்டுபோய் வைப்பது. அங்கே வாடகை ரூமில் தங்கியிருந்த ஒரு ஸ்பெயின் நாட்டுப் பையன் தினமும் காலையில் வருவான். ஆறடிக்கு மேல் உயரம், அவன் ஊரில் பாஸ்கெட்பால் ஆடுகிறவனாம். சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு, தலையைப் படிய வாரி, தடிமனான கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பேங்க் பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி வந்து உட்காருவான். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கண்ணைச் சொறிந்தான். மாறனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்த்தால் பிரேம் மட்டும்தான், உள்ளே கண்ணாடியே இல்லை!

கேட்டதற்கு அவன் சிரித்தான். எங்கள் ஊரில் இப்போது இதுதான் ஓடுகிறது, படிப்பாளி மாதிரி வேஷம் போட்டால்தான் கெத்து, அமெரிக்காவிலிருந்து ஜப்பான் வரைக்கும் விளையாடுகிற பசங்கள் ஆட்டம் முடிந்ததும் இப்படித்தான் கிளம்புகிறார்கள் என்று கையை ஆட்டிச் சொன்னானாம். நிஜமோ புளுகோ, மாறனுக்கு அது போதும். ஒரே வாரத்தில் கபடி டீம் மொத்தமும் படிப்பாளிப் பழம் கெட்டப்புக்கு மாறிவிட்டது. முந்தாநாள் வரைக்கும் நெஞ்சு தெரிய சட்டையைத் திறந்துவிட்டுத் திரிந்த தடியன்களெல்லாம் கழுத்துப் பட்டன் போட்டான்கள். எண்ணெய் தடவி வகிடு எடுத்தான்கள். பாக்கெட்டில் பேனா வேறு! எழுதுகிறவன் எவன் என்று கேட்கக்கூடாது. பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் கடை போடுகிறவனிடம் இருந்த ஆறு பிரேமையும் அள்ளிக்கொண்டு வந்தான்கள். டீமில் ஏழு பேர்.

ரேணுகாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வருஷமாக இதே மூஞ்சிக்கு இதே பிரேமைப் போட்டதற்காகத்தானே அவளைத் தெருத்தெருவாக ஓட்டினார்கள்? அதே பசங்கள், 'சோடாபுட்டி' என்று பாட்டுக் கட்டிப் பாடின அதே பசங்கள், இன்றைக்கு அதையே மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான்கள், பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "நல்லாருக்குடா, படிச்ச களை தெரியுது" என்று, கூட்டாளியின் பிரேமை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்த மகனுக்குத் தனமே திருஷ்டி கழித்தாள். நான் போட்டால் குறை, இவன் போட்டால் களையா? ரேணுகா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

செலக்‌ஷனுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. காலையில் ஏழு மணிக்கு கிரவுண்டில் நிற்க வேண்டும் என்று ரேணுகா எட்டு மணிக்கே படுத்துவிட்டாள். கண்ணாடியை எப்போதும் போல டிவி மேல் வைத்தாள். பேட், ஷூ, மனுப் படிவத்தின் நகல் எல்லாம் பையில் தயார்.

விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுந்து டிவி மேல் கையை வைத்தாள். கண்ணாடி இருந்தது. மாட்டினாள். உலகம் கலங்கலாகவே இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக் கண்ணைத் தேய்த்தாள். விரல் நேராகக் கண்ணுக்குள் போனது.

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. மாறன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னாடி, இன்னா ஆச்சு?"

"எங்கடா... எங்கண்ணா என் கண்ணாடி? உள்ள இருக்கற கண்ணாடி எங்க?"

"ஓ, அதுவா," என்றான் அவன், கொட்டாவி விட்டுக்கொண்டே. "ஸ்டுடியோல இருக்குது. நேத்து ராத்திரி நீ படுத்தப்புறம் டீம் போட்டோ எடுத்தோம், பேனருக்கு. எனக்கு மட்டும் பிரேம் இல்ல. உன்னுதப் போட்டா தலை கிர்ருன்னு சுத்துது, ஃபிளாஷ் வேற அடிக்குது. ஆதிமூலம் அண்ணந்தான் ஸ்குரூவ லூஸ் பண்ணிக் கழட்டிக் குடுத்தாரு. இன்னிக்குப் போயி மாட்டிட்டு வந்துடறேன். எங்க போயிடப் போவுது?"

"எனக்கு ஏழு மணிக்கு செலக்‌ஷன்!"

"தெரியும். அதான் இன்னிக்கு உனக்குத் தேவப்படாதுன்னு எடுத்தேன்." மாறன் சுவரைக் காட்டினான். "ஆடும்போதுதான் நீ கண்ணாடி போட மாட்டியே."

ரேணுகா சுவர்ப் பக்கம் திரும்பினாள். பதினோரு போட்டோ. பதினொன்றிலும் கண்ணாடி இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து இவன் அப்படியே நம்பிவிட்டிருக்கிறான். எட்டு வருஷமாக இவள் ஆடுகிறாள். பெரும்பாலான ஆட்டம் இங்கேதான், டவுனிலேயே, சைக்கிளில் போனால் அரை மணி நேரம். ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்து நின்றிருந்தால் அந்தக் கறுப்பு எலாஸ்டிக் கண்ணில் பட்டிருக்குமே! இவன் கபடிக்கு இவள் எத்தனை தடவை தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் நின்றிருக்கிறாள்?

"நீ மனுஷனா?" என்று கத்தினாள். "மைனஸ் ஏழரைடா எனக்கு! பந்து இல்ல, எதுக்க நிக்கற ஆளே தெரியாது!"

சத்தம் கேட்டுத் தனம் அடுப்படியிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னதுதான் கொடுமை. "விடுடி. ஆம்பளப் புள்ள ஆசப்பட்டு ஒரு போட்டோ புடிச்சான். அதுக்கு ஊரக் கூட்டுவியா? இன்னொரு கண்ணாடி இருந்துதே?"

"அது பந்து பட்டு ஒடஞ்சி ஒரு வருஷம் ஆச்சு! மாத்துக் கண்ணாடி வாங்கிக் குடுன்னு கேட்டதுக்கு, ஒரு மூஞ்சிக்கு எதுக்குடி ரெண்டுன்னு சொன்னது நீதானே?"

தனம் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். மாறனுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். ஸ்டுடியோ பூட்டியிருந்தது. ஆதிமூலம் வீட்டில் போய்க் கேட்டால், நாலு மணிக்கே போளூரில் ஒரு கல்யாணத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். சாவி அவர் இடுப்பில். செல்லை எடுக்கவில்லை. நாதஸ்வர சத்தத்தில் எவன் எடுப்பான்? "போளூர் போயி சாவி வாங்கினு வந்துடறேன், நீ கிரவுண்டுக்குப் போ," என்று ஒரு ரூபாய் டெலிபோனிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுப் பறந்தான்.

கிரவுண்டு வேங்கிக்கால் தாண்டி. டீமில் கூட ஆடுகிற கஸ்தூரி வந்து ரேணுகாவின் கையைப் பிடித்து பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். வெறும் பிரேமைக் கழற்ற ரேணுகாவுக்குத் தோன்றவில்லை. பத்து வருஷப் பழக்கம், மூக்கு மேல் அது இல்லாவிட்டால் முகமே இல்லாத மாதிரி. போய் இறங்கியதும் வேறு காலேஜ் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் வந்தார்கள்.

"ஏய், பிரேம் செமயா இருக்குப்பா! உள்ள கண்ணாடி இல்லாமத்தானே இப்ப எல்லாம் போடறாங்க? எங்க வாங்கின?"

ரேணுகா கஸ்தூரியின் கையை இழுத்துக்கொண்டு நடந்தாள். பதில் சொல்லியிருந்தால் அசிங்கமாகத்தான் வந்திருக்கும்.

அப்பாதுரை சார் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். தேர்வுக் குழுவின் தலைவர் வெளியூர்க்காரர், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் விசில். அவரிடம் ஓடினார். "சார், இந்தப் பொண்ணுதான் எங்க பெஸ்ட் பிளேயர். கண்ணாடிக்கு ஒரு சிக்கல் ஆயிடுச்சி. பதினோரு மணிக்கு மேல டிரையல் வெச்சீங்கன்னா..."

தலைவர் ரேணுகாவை மேலும் கீழும் பார்த்தார். முகம் கலங்கலாகத் தெரிந்தாலும் குரலிலிருந்த நக்கல் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான் சார். இதே மாதிரி வெறும் பிரேமை மாட்டிக்கிட்டு வெள்ளைக்காரன் கணக்கா திரியறான். ஃபேஷனுக்கு மாட்டிக்கிட்டு வந்துட்டு கண்ணு தெரியலன்னு சொன்னா நான் நம்பணுமா?"

"நிஜமாவே பவர் சார். மைனஸ் ஏழரை."

"அப்படியா? ஏழரை பவர்காரி படிவத்துல ஒட்டியிருக்கற போட்டோவுல கண்ணாடி எங்க?" அவர் மேஜை மேலிருந்த மனுவைத் தூக்கிக் காட்டினார். "அடையாள அட்டை குடும்மா. இதுலயும் இல்ல. போன மாசப் பேப்பர் கட்டிங் வெச்சிருக்கீங்க, கப்போட நிக்குது பொண்ணு, அதுலயும் இல்ல. எந்தப் போட்டோலயும் இல்லாத கண்ணாடி இன்னிக்கு மட்டும் எங்கேர்ந்து சார் வந்துச்சு? ஒன்பது மணிக்கு மேல காத்து வந்துடும், பந்து நிக்காது. ஆடறதுன்னா ஆடச் சொல்லுங்க."

கழட்டிடும்மா, கழட்டிடும்மா என்று எட்டு வருஷம் சொன்னது அப்பாதுரை சார் வாய்தான். ரேணுகா அவர் பக்கம் திரும்பி, "சொல்லுங்க சார், ஏன் இல்லன்னு சொல்லுங்க," என்றாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுஷனை அன்றைக்கு அவள் மன்னிக்கவில்லை, பிற்பாடும் மன்னிக்கவில்லை.

ஆடினாள். ஆடாமல் போனால் பயந்து ஓடினாள் என்பார்கள். வெறும் பிரேமைக் கழற்றிப் பையில் எறிந்துவிட்டுப் பின் வரிசையில் போய் நின்றாள். எதிரே அஞ்சு அழுக்குத் துணி காயப்போட்ட மாதிரி ஆட்கள். பந்து கிளம்பும்போது பேட்டில் 'டொப்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்து ஓடினாள். முதல் பந்தைத் திருப்பி அடித்துவிட்டாள். கஸ்தூரி "சூப்பர்டி!" என்று கத்தினாள். மூன்றாவதையும் அடித்தாள். அடுத்த பந்து தோளில் பட்டு விழுந்தது. அதற்கடுத்தது தலைக்கு மேல் போனதே அவளுக்குத் தெரியவில்லை. கஸ்தூரி "ரைட்டு, ரைட்டு, பின்னாடி!" என்று கத்திக்கொண்டே இருந்தாள், அதனால் அவள் ஆட்டமும் கெட்டது. "எனக்காக கத்தாத, நீ ஒழுங்கா ஆடு," என்று ரேணுகா அதட்டினாள். ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. கன்னத்தில் நேராக ஒரு பந்து வந்து அறைந்தபோது தலைவர் விசில் ஊதி, "போதும்மா, வெளிய வா," என்றார்.

அவள் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுகிற அளவுக்குக் கோபத்தில் இடமில்லை. யார் மேல் என்று எடுத்துக் காட்ட முடியாத கோபம். அண்ணன், அம்மா, சார், தொப்பிக்காரர், பிரேமைப் புகழ்ந்த பெண்கள், எங்கேயோ இருந்து வந்து விரலை விட்டுக் கண்ணைச் சொறிந்த அந்த ஸ்பெயின்காரன். கண் தெரிகிறவனுக்கெல்லாம் குருட்டு வேஷம் போட ஆசை. நிஜமாகவே கண் தெரியாதவள் மட்டும் கண் தெரிகிற மாதிரி எல்லாப் போட்டோவிலும் சிரிக்க வேண்டும். தூ!

பத்தரை மணிக்குப் பட்டியலை போர்டில் ஒட்டினார்கள். கஸ்தூரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கஸ்தூரியின் பேர் இருந்தது, ஒன்பதாவதாக. சந்தோஷப்படவும் முடியாமல், அழவும் முடியாமல் ரேணுகாவின் தோளைப் பிடித்தாள். "நீ போ, உங்க அப்பா காத்துனு இருப்பாரு," என்று ரேணுகா அவளை அனுப்பிவிட்டாள்.

பதினோரு மணி வாக்கில் மாறன் வந்து சேர்ந்தான். வழியில் வண்டி நின்றுபோய், புழுதியும் வேர்வையும் வண்டி எண்ணெயும் சேர்ந்து சட்டை பாழ். பேப்பரில் சுற்றிய இரண்டு கண்ணாடியைக் கையில் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"கெடச்சிடுச்சி ரேணு! ஸ்குரூ டிரைவரும் வாங்கினு வந்துட்டேன். பிரேமைக் குடு, ஒரே நிமிஷம், மாட்டிடறேன். இன்னும் டைம் இருக்குது இல்ல?"

ரேணுகா எழுந்தாள். கண்ணாடியை வாங்கிக்கொள்ளவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தரையைக் காலால் துழாவியபடி, போர்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவளுக்கு அது வெள்ளையாக ஒரு பேப்பர், அவ்வளவுதான்.

"படி."

"இன்னாது?"

"லிஸ்ட்டு. எனக்குத் தெரியல. நீ படி."

மாறன் பார்த்தான். கண் மேலிருந்து கீழே போனது, மறுபடியும் மேலே போனது. "ரேணு..." என்றான்.

"சத்தமா படி."

படித்தான். ஒண்ணு, ரெண்டு என்று நம்பரோடு பத்துப் பேர். ஒன்பதாவதாகக் கஸ்தூரி. பத்தாவது பேரைப் படித்துவிட்டு நிறுத்தினான். "உம்பேரு இல்ல," என்று மெதுவாகச் சொன்னான்.

"திரும்பப் படி."

"வீட்டுக்குப் போலாம் வா. அம்மாகிட்ட நான் பேசறேன். அந்த ஆரணிக்காரங்கள வர வேணாம்னு..."

"படிடா!"

பிறந்ததிலிருந்து ரேணுகா அவனை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். விடிகாலையில் வாய் தவறி வந்தது, இது தவறி வந்ததில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கபடி கேப்டன், ஊரில் எவனுக்கும் தலை குனியாதவன், மறுபடியும் ஒண்ணிலிருந்து படித்தான். இரண்டாம் தடவை முழுசாகப் படித்து முடித்தான். அவள் விடவில்லை. மூன்றாம் தடவை ஆறாவது பேரைப் படித்ததும் நிறுத்திவிட்டான். பேப்பரில் சுற்றிய கண்ணாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றான்.

ரேணுகா அவன் முகம் இருக்கிற பக்கமாகப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் நாலு பேரு இருக்குது."